அடியில் ஒரு துளை



குருமனையில் என் மேசையின்மேல் ஒரு சிறு மண்தொட்டி இருப்பதை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். 9 சென்டிமீட்டர் நீளம், 6 சென்டிமீட்டர் அகலம், உள்ளங்கையில் அடங்கிவிடும். காவி கலந்த சிவப்பு நிறம். மேற்பூச்சும் பூவேலையும் கிடையா. நான்கு மூலைகளிலும் சிறு கால்கள் உண்டு. பேனா வைப்பதற்கு என்று எண்ணிச் சிலர் எடுத்துப் பார்க்கிறார்கள். அடியில் துளையைக் கண்டதும் திரும்ப வைத்துவிடுகிறார்கள். சென்ற வாரம் நம் ஆலயப் பணியாளர் மேசையைத் துடைக்கையில் அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, "ஐயா, அவ்வளவு தூரத்துல இருந்து கொண்டுவந்திருக்கீங்க, ஓட்டையா இருக்கே! கடைக்காரன் ஏமாத்திட்டானா?" என்று கேட்டார். அவரிடம் சிரித்து மழுப்பிவிட்டேன். அதற்குரிய விடையை எழுதவே இன்று அமர்ந்திருக்கிறேன். அதோடு, உங்களுக்கு நான் ஓராண்டாகக் கடன்பட்டிருக்கும் வேறொரு விடையும் சேர்ந்தே வருகிறது.

சென்ற ஆண்டு லெந்து காலத்தில் ஏழு வாரங்கள் நான் உங்களோடு இல்லை. உடல்நலம் கருதிப் போதகருக்கு ஓய்வு அளிக்கப்பட்டுள்ளது என்று ஆராதனையில் அறிவிப்பு வாசிக்கப்பட்டது. பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனைக்குக்கூடப் பக்கத்துச் சேகரத்திலிருந்துதான் ஆள் வரவேண்டியிருந்தது. திரும்பி வந்தபோது நீங்கள் அன்போடு விசாரித்தீர்கள். "இப்போது நலம்" என்பதற்குமேல் நான் எதுவும் சொல்லவில்லை. அது பொய்யன்று, ஆனால் முழு உண்மையும் அன்று.

குருத்துவ அபிஷேகம் பெற்று 26 ஆண்டுகள் ஆகின்றன. இத்தனை ஆண்டுகளில் உங்கள் வீட்டு முன்னறைகளிலும் மருத்துவமனைக் கட்டிலோரங்களிலும் கல்லறைத் தோட்டத்தின் வாசலிலும் நான் கேட்டவை ஏராளம். அவற்றை எவரிடமும் சொல்லலாகாது என்பது என் ஊழியத்தின் ஒழுங்கு. அதை ஒருபோதும் மீறவில்லை. ஆனால் கேட்டவற்றின் பாரத்தை எங்கே இறக்கிவைப்பது என்று எனக்கு எவரும் கற்றுத்தரவில்லை, நானும் கேட்கவில்லை. ஜெபத்தில் வைத்துவிடுகிறேன் என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன். உண்மையில் ஜெபத்திலும் வாய்தான் பேசிக்கொண்டிருந்தது. ஈராண்டுகளாக இரவில் மூன்று மணிக்குமேல் உறக்கம் இல்லை. என் துணைவியார் கேட்டால் எரிந்து விழுந்தேன்.

ஒரு சனிக்கிழமை மாலை வெஸ்ட்ரி வாசலில் ஓர் இளைஞர் வந்து நின்றார். யார் என்று தேடாதீர்கள். அவர் இப்போது இவ்வூரில் இல்லை. "ஐயா, கொஞ்சம் பேசணும்" என்றார். மறுநாள் பிரசங்கக் குறிப்பு முடியாமல் என் முன்னால் கிடந்தது. "நாளைக்கு ஆராதனை முடிஞ்சதும் வாங்க தம்பி" என்று சொல்லி, அவர் தலையில் கைவைத்து இரண்டு நிமிடம் ஜெபித்து அனுப்பினேன். "சரிங்கய்யா" என்று சொல்லிப் போனார். மறுநாள் வரவில்லை, அதன்பின் ஆலயத்துக்கே வரவில்லை. என்னை நடுங்கவைத்தது அதுகூட அன்று. அவர் படியிறங்கிப் போன ஓசை கேட்டபோது என் உள்ளத்தில் ஒரு நிம்மதி எழுந்தது. இன்னொருவர் கதையைக் கேட்க வேண்டியிருக்கவில்லை என்ற நிம்மதி. அடுத்த வாரமே பேராயர் அவர்களிடம் விடுப்புக் கேட்டு எழுதினேன்.

என் தம்பி ஜப்பானின் ஐச்சி மாகாணத்தில், மோட்டார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக வேலை பார்க்கிறான். "அண்ணே, மதினியைக் கூட்டிக்கிட்டு இங்க வந்திருங்க. இங்க உங்களை யாருக்கும் தெரியாது" என்றான். அந்தக் கடைசிச் சொற்களே என்னை விமானம் ஏற்றின.

அவன் வீட்டை அடுத்து, எண்பதைக் கடந்த பெரியவர் ஒருவர் தனியாக வாழ்கிறார். அவருடைய கொல்லைப்புறத்தில் மூன்று அடுக்குப் பலகைகள். அவற்றின்மேல் நாற்பதுக்குக் குறையாத சிறு மரங்கள். 20 சென்டிமீட்டர் உயரத்துக்குள் இருப்பவற்றை அங்கே 'ஷோஹின்' என்கிறார்கள். அதனினும் சிறியவை 'மமே'. அச்சொல்லுக்குப் பயறு என்று பொருள். ஒரு பைன் மரம், முறுக்கிய அடிமரமும் வெடித்த பட்டையுமாக, நம் மலையோரத்து முதுமரம்போல நின்றது. அதன் தொட்டியோ நான் தேநீர் அருந்தும் கோப்பையைவிடச் சிறியது.

போன்சாய் குறித்து எனக்கு நல்லெண்ணம் இருந்ததில்லை. பிள்ளைகளை வளரவிடாத பெற்றோரைக் கண்டிக்க ஒருமுறை பிரசங்க பீடத்திலிருந்தே அதை உவமையாக எடுத்துப் பேசியது சிலருக்கு நினைவிருக்கலாம். அந்த உவமையை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அம்மரங்கள் பிறவியிலேயே குள்ளமானவை அல்ல. நிலத்தில் நட்டால் முழு உயரத்துக்கு வளரக்கூடியவையே. ஆண்டுகள் பலவாகத் தொட்டியில் வாழ்ந்தும் நோயின்றித் துளிர்க்கும்படி ஒருவர் நாள்தோறும் கவனித்தாலன்றி அவை பிழைப்பதில்லை. கோடையில் ஒரு நாளைக்கு இருமுறை, மும்முறை தண்ணீர் விட வேண்டும். கைப்பிடி மண் அவ்வளவு விரைவில் காய்ந்துவிடும். அந்தப் பெரியவர் பல ஆண்டுகளாக வெளியூரில் ஓர் இரவும் தங்கியதில்லையாம். சபையை விட்டுவிட்டு வந்திருந்த எனக்கு அதைக் கேட்கக் கொஞ்சம் சுருக்கென்றது.

'போன்' என்றால் தட்டு அல்லது ஆழமில்லாத தொட்டி. 'சாய்' என்றால் நடுதல். பெயரிலேயே பாதி தொட்டிதான். ஆனாலும் மரத்தைப் பார்ப்பவர் எவரும் முதலில் தொட்டியைப் பார்க்கலாகாது என்பது அவர்கள் கொள்கை. பைன் முதலிய ஊசியிலை மரங்களுக்குப் பூச்சில்லாத மண்நிறத் தொட்டி. பூப்பவை, காய்ப்பவை, இலையுதிர்ப்பவைக்கு நீலமோ பச்சையோ இளமஞ்சளோ கண்ணாடிபோல் மினுங்கும் மேற்பூச்சு. அந்தப் பூச்சும் வெளிப்புறத்துக்கு மட்டுமே. உட்புறம் வெறும் மண்ணாகவே விடப்படும். செய்தவர் தம் முத்திரையை அடிப்புறத்தில் பதிக்கிறார். மரம் நட்டு மண் நிரப்பிப் பலகையில் வைத்துவிட்டால் அந்தப் பெயரை எவரும் காண இயலாது. ஆலயத்துக்கு மின்விசிறி கொடுத்தால் அதன் இறக்கையிலேயே பெயர் எழுதும் ஊர்க்காரனாகிய எனக்கு இது புதிதாக இருந்தது.

நாங்கள் போனது மார்ச் முதல் வாரம். மொட்டுகள் பருத்து, இன்னும் விரியாத நேரம். தொட்டி மாற்றுவதற்கு அதுவே பருவம். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் தம்பி மகன் மொழிபெயர்க்க, ஒரு முற்பகல் முழுவதும் பெரியவர் அருகில் அமர்ந்து பார்த்தேன். அவர் ஒரு மேப்பிள் மரத்தைத் தொட்டியிலிருந்து மெல்ல நெம்பி எடுத்தார். வேர்கள் தொட்டியின் வடிவத்தையே எடுத்துக்கொண்டு, செங்கல்லைப்போலச் சதுரமாகச் சுருண்டு கிடந்தன. நுனி வளைந்த சிறு கொக்கியால் அவற்றை ஓரத்திலிருந்து கோதிப் பிரித்து, மூன்றில் ஒரு பங்கைக் கத்தரித்தார். வேரை வெட்டுவது மரத்தைச் சிறுமைப்படுத்தவே என்று எண்ணியிருந்தேன். "இல்ல பெரியப்பா. வெட்டலைன்னா வேர் தன்னைத்தானே நெருக்கிக்கும். அப்புறம் தண்ணி உள்ள போகாது, காத்தும் போகாது. வெட்டினாதான் புது வேர் வருமாம்" என்றான் பையன்.

இரண்டாவதாக எடுத்த மரம் வேறு கதை. அதுவும் மேப்பிள்தான், ஆனால் மொட்டுகள் பருக்கவில்லை. வெளியே எடுத்ததும் அழுகிய வாடை அடித்தது. அடியில் இருந்த வேர்கள் கறுத்து, கைபட்டவுடன் தோல் கழன்றன. பெரியவர் தொட்டியைத் தலைகீழாக்கிக் காட்டினார். துளையின் மேல் மண் சரியாதபடி வைத்திருந்த வலையில் நைந்த மண்ணும் வேர்நுனிகளும் அடைத்துக் கல்லாகியிருந்தன. மேலே பார்த்தால் ஒரு குறையும் தெரியவில்லை. பச்சைப் பாசி படர்ந்து, நன்றாகத் தண்ணீர் குடித்த மண்ணாகவே தோன்றியது. "தண்ணீர் குறைந்ததால் சாகவில்லை, போகாததால் செத்துப்போனது" என்று சொல்லி, தன் தவறுதான் என்பதுபோலத் தலைகுனிந்தார். நான் அந்தக் கறுத்த வேர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். பையன் என்னிடம் ஏதோ கேட்டான், காதில் விழவில்லை.

எனக்குப் புரியவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, உள்ளே போய்ப் பாத்திரம் துலக்கும் பஞ்சு ஒன்றை எடுத்துவந்தார். அதைத் தண்ணீரில் முழுக்க நனைத்து, கையில் படுக்கையாகப் பிடித்தார். சொட்டியது; பின் நின்றது. அதே பஞ்சைச் செங்குத்தாகத் திருப்பினார். மறுபடியும் தண்ணீர் ஒழுகியது. மண்ணின் அடியில் ஓர் ஈரப்பட்டை எப்போதும் தங்கிவிடுகிறது. தொட்டி ஆழமானாலும் ஆழமில்லாததானாலும் அந்தப் பட்டையின் உயரம் ஒன்றே. ஆகவே ஆழம் குறையக் குறைய, உள்ளிருக்கும் மண்ணில் பெரும்பங்கு ஈரத்திலேயே ஊறிக் கிடக்கும். பெரிய தொட்டி பொறுத்துக்கொள்வதைச் சிறு தொட்டி பொறுக்காது. அதனால்தான் சிறு தொட்டிக்குத் தன் அளவுக்கு மிஞ்சியதுபோல் தோன்றும் துளை. அதனால்தான் கான்டோ வட்டாரத்தில் தோண்டும் எரிமலை மண்ணாகிய 'அகதாமா' என்னும் மணிமணியான மண்ணைச் சலித்து, தூளை நீக்கிவிட்டு இடுகிறார்கள். ஊற்றிய நீர் கீழே இறங்கும்போது மேலிருந்து புதுக் காற்றை இழுத்துக்கொண்டு போகிறது. வேர் சுவாசிப்பது அந்தக் காற்றைத்தான். வெளியேறும் நீரே மூச்சைக் கொண்டுவருகிறது என்பதை நான் என் வாழ்நாளில் எண்ணிப்பார்த்ததில்லை.

வெட்டிய மேப்பிளைப் புதுத் தொட்டியில் அமர்த்தி, அடித்துளைகள் வழியாக மேலே எடுத்த கம்பியால் வேர்க்கட்டைக் கட்டினார். வேரிழந்த மரத்துக்குப் பிடிப்பு இல்லை. காற்றில் ஆடினால் புதிதாக வரும் வேர்நுனிகள் முறிந்துபோகும். பின் மண்ணை இட்டு, சாப்பிடும் குச்சியால் குத்திக் குத்தி இடுக்குகளில் இறக்கினார். கடைசியில் பூவாளியால் தண்ணீர் ஊற்றினார். துளையிலிருந்து முதலில் வந்தது செம்பழுப்புக் குழம்பு. ஊற்றிக்கொண்டே இருந்தார். குழம்பு தேநீர் நிறமாயிற்று, பின் வெளிறியது, கடைசியில் ஊற்றிய நீருக்கும் ஒழுகிய நீருக்கும் வேறுபாடு தெரியாதபடி தெளிந்தது. அப்போதுதான் பூவாளியைக் கீழே வைத்தார்.

அடுத்த வாரம் அவரும் நாங்களுமாக டோகோநாமே ஊருக்குப் போனோம். நகோயாவுக்கு வரும் விமானங்கள் இறங்கும் சூபு விமான நிலையம் அந்த ஊருக்கு எதிரே கடலில் அமைத்த தீவில்தான் இருக்கிறது. ஆனால் ஊரின் பெருமை விமானத்தால் வந்ததன்று. செட்டோ, ஷிகராகி, எச்சிசென், தம்பா, பிசென் ஆகியவற்றோடு சேர்த்து ஜப்பானின் ஆறு பழஞ்சூளை ஊர்களுள் ஒன்று அது. 12ஆம் நூற்றாண்டிலிருந்து அங்கே மண்கலம் சுட்டு வருகிறார்கள். மலைச்சரிவில் படிப்படியாக அறைகள் ஏறும் ஒரு சூளை இன்றும் நிற்கிறது. 1887இல் கட்டப்பட்டு 1974 வரை எரிந்தது. எட்டு அறைகள், உச்சியில் பத்துப் புகைபோக்கிகள், ஒன்றுக்கொன்று உயரம் மாறி நிற்கின்றன.

அந்த ஊரில் என்னை நிற்கவைத்தது ஒரு சந்து. ஏற்றமான அந்த வழியின் ஒரு பக்கச் சுவர் முழுவதும் மண்குழாய்களை அடுக்கியே கட்டப்பட்டிருக்கிறது, எதிர்ப்பக்கம் மதுக்குடுவைகள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஜப்பானிய நகரங்களின் கழிவுநீரைக் கொண்டுபோகும் குழாய்களை இந்த ஊர் ஏராளமாகச் செய்து அனுப்பியிருக்கிறது. தேநீர்க் கூசாவும் போன்சாய்த் தொட்டியும் செய்து இன்று பேர்பெற்றிருக்கும் அதே மண்ணூர், ஒரு காலத்தில் சாக்கடைக் குழாயால் பிழைத்தது. எனக்கு அது தாழ்வாகத் தோன்றவில்லை. அந்தக் குழாய்களின் வாயில் கைவைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றேன்.

பெரியவருக்கு அறிமுகமான குயவர் ஒருவரின் பணிக்கூடம் அச்சந்தின் மேலே இருந்தது. இரண்டு பேர் நெருக்கி அமரும் அளவே இடம். வட்டத் தொட்டியைச் சக்கரத்தில் வனைந்துவிடலாம். நீள்சதுரத்தொட்டியே கடினம் என்றார். மண்ணைச் சப்பாத்திபோல் பரத்தி, பதமானதும் கத்தியால் பலகைகளாக நறுக்கி, ஓரங்களைக் கீறிக் குழைமண் தடவி ஒட்டுகிறார். நேர்கோட்டைப்போல் மண்ணுக்கு ஒவ்வாதது வேறில்லை. ஈரத்தில் வளைத்த வளைவை அது மறப்பதில்லை. நிமிர்த்தி ஒட்டிவிட்டோம் என்று நினைத்தால், சூளைக்குள் போனதும் பழைய வளைவுக்கே திரும்பிவிடும். காய்ந்து சுட்டு முடிவதற்குள் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு சுருங்குகிறது. ஒரு பக்கம் முந்திக் காய்ந்தாலும் கோணல்தான். ஆகவே துணி போர்த்தி, நாட்கணக்கில் நிழலில் ஆறவிடுகிறார். பின் 1100 டிகிரி செல்சியஸுக்கு மேலான வெப்பத்தில் சுடுகிறார். வேக்காடு குறைந்தால் ஈரத்தை உறிஞ்சும்; குளிர்காலத்தில் அந்த ஈரம் உறைந்து தொட்டி பிளக்கும்.

தோல்பதத்தில் இருந்த ஒரு தொட்டியைக் கவிழ்த்து, மெல்லிய குழாய்போன்ற கருவியால் அடியில் துளையிட்டார். பெரிய துளை ஒன்று, கம்பிக்குச் சிறு துளைகள் இரண்டு. துளையின் விளிம்பை ஈர விரலால் சுற்றிச் சுற்றித் தடவி மழுப்பினார். முகப்புக்குக் கொடுத்த நேரத்தைவிட அந்த விளிம்புக்குக் கொடுத்த நேரம் அதிகம் என்று எனக்குப் பட்டது.

அன்பானவர்களே, எரேமியா தீர்க்கதரிசி குயவன் வீட்டுக்குப் போன அதிகாரத்தை நான் உங்களுக்கு எத்தனை முறை விளக்கியிருக்கிறேன்! குயவனைக் குறிக்கும் எபிரெயச் சொல்லும், ஆதியிலே தேவன் மனுஷனை மண்ணினாலே உருவாக்கினார் என்னுமிடத்து வரும் வினைச்சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று இறையியல் கல்லூரியில் படித்ததைத் தவறாமல் சொல்லியிருக்கிறேன். 18ஆம் அதிகாரத்தில் ஈரமண் கெட்டால் குயவன் வேறொன்றாய் வனைகிறான். 19ஆம் அதிகாரத்தில் சுட்ட கலசம் உடைக்கப்படுகிறது, அதைச் செப்பனிட இயலாது. இவை இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பிரசங்கித்திருக்கிறேன். எல்லா முறையும் நாம் எதை ஏந்துகிற பாத்திரம், எவ்வளவு நிரம்பியிருக்கிறோம் என்பதே என் பேச்சாக இருந்தது. நிரப்பும், நிரம்பி வழியச் செய்யும் என்றே ஜெபித்திருக்கிறேன். வடியச் செய்யும் என்று ஒருமுறைகூட ஜெபித்ததில்லை. ஓட்டைப் பாத்திரம் என்பது என் வாயில் எப்போதும் வசைச்சொல்லாகவே இருந்தது.

எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. வெட்கத்தோடு பையனிடம் சொல்லிக் கேட்கச் சொன்னேன். "சுட்டு முடித்த பாத்திரத்தில் பின்னால் துளையிட முடியுமா?" எனக்கு அப்போது 54 வயது. சுட்டு நெடுநாளான பாண்டம். குயவர் உடனே பதில் சொல்லவில்லை. மேலடுக்கிலிருந்து வீட்டுக் கிண்ணம் ஒன்றை எடுத்துக் கவிழ்த்துக் காட்டினார். அதன் அடியில் ஒரு துளை. பிடித்துப்போன கிண்ணத்தைக் கொண்டுவந்து, இதில் மரம் வைக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டாம். வைரத்தூள் பதித்த துரப்பண முனையால் செய்யலாம். அழுத்தக் கூடாது; அவசரப்படக் கூடாது; சூடேறாமல் இடைவிடாது தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். "சிலது உடைஞ்சிடுமாம் பெரியப்பா" என்றான் பையன். பிறகு, "ஆனா முடியுமாம்" என்றான்.

அங்கே வைத்துத்தான் ஹெயான் தோஃபுகுஜி என்பவரைப் பற்றியும் கேள்விப்பட்டேன். 1890இல் பிறந்து 1970இல் மறைந்த கியோட்டோக் குயவர். சிறு போன்சாய்த் தொட்டி செய்தவர்களில் அவருக்கு நிகர் இல்லை என்று இன்று போற்றுகிறார்கள். வாழ்ந்த காலத்திலோ வறுமை. சொந்தமாக ஒரு சூளை வைக்க அவருக்கு வாய்க்கவில்லை. பிறருடைய சூளையில் கிடைத்த இடத்தில் தம் சிறு தொட்டிகளை வைத்துச் சுட்டெடுத்தார். எந்த மூலை கிடைக்கும், அங்கே வெப்பம் எப்படி இருக்கும் என்பது அவர் கையில் இல்லை. அதனால் அவருடைய தொட்டிகளின் நிறமும் பூச்சும் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை. இந்நாளில் அவற்றைச் சேகரிப்பவர்கள் பெரும்விலை கொடுத்து வாங்குகிறார்கள். நம் மூத்த ஊழியர்கள் சிலரை நினைத்துக்கொண்டேன். அவர்களுக்கும் சூளை சொந்தமில்லை.

என் மேசைமேல் இருக்கும் தொட்டியை அன்று வாங்கினேன். விலையைச் சொல்ல மாட்டேன். என் துணைவியார் இதை வாசிப்பார்.

திரும்பி வந்த பிறகு, வேறு திருமண்டலத்தில் ஓய்வுபெற்று வாழும் மூத்த போதகர் ஒருவரைத் தேடிப் போனேன். இப்போது மாதம் இருமுறை வியாழக்கிழமையில் அவரிடம் போகிறேன். நீங்கள் காணும் இடத்தில் பேருந்து ஏறுகிறேன். நீங்களும் எங்கே என்று கேட்டதில்லை. உங்களில் ஒருவருடைய பெயரும், ஒருவரை அடையாளம் காட்டும் செய்தியும் அங்கே என் வாயிலிருந்து வந்ததில்லை, வராது. நான் அவரிடம் பேசுவது என்னைப் பற்றி. கேட்டவை எனக்குள் என்ன செய்தன என்பதைப் பற்றி. முதல் இரண்டு மாதம் வந்ததெல்லாம் குழம்பு. கோபம், உங்கள்மேலும் ஆண்டவர்மேலும், பொறாமை, நான் அடக்கம் செய்த குழந்தைகளை எண்ணி அழாத அழுகை. அந்தப் பெரியவர் அறிவுரை எதுவும் சொல்வதில்லை. எனக்குத் தேநீர் ஊற்றிக்கொடுத்துவிட்டு, ஊன்றுகோலைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். நேற்றுமுன்தினம் போனபோது, "இன்னும் தெளியலை, இல்லையா?" என்றார். இல்லை என்றேன்.

உறக்கம் ஐந்து மணி நேரமாக நீண்டிருக்கிறது.

புதன்கிழமை மாலை 5 மணி முதல் 7 மணிவரை வெஸ்ட்ரியில் இருக்கிறேன். பிரசங்கக் குறிப்புகளை அங்கே கொண்டுபோவதில்லை. முன்னறிவிப்பு வேண்டியதில்லை, வந்தால் போதும். உங்கள் சொந்தப் பாரங்களுக்கு நீங்கள் யாரிடம் போகிறீர்கள் என்றும் இனி நான் கேட்பேன். மூப்பர்களையும் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களையும், நோயாளியை வீட்டில் வைத்துப் பராமரிக்கும் தாய்மாரையும் முதலில் கேட்பேன். எரிச்சல் கொள்ளாதிருங்கள்.

அந்த இளைஞருக்கு நான்கு முறை தொலைபேசியில் அழைத்தேன், எடுக்கவில்லை. அவர் தாயாரிடம் நலம் விசாரித்தேன். உயிரோடும் வேலையோடும் இருக்கிறார், அவ்வளவே தெரியும். சென்ற மாதம் ஒரு கடிதம் எழுதினேன். அந்தச் சனிக்கிழமை நான் செய்ததை அதில் ஒளிக்காமல் சொல்லி, மன்னிக்கும்படி கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை. வராமலும் போகலாம். தம்பி, ஒருவேளை இதை வாசித்தால், நீங்கள் பேச வந்ததைப் பேசாவிட்டாலும் சரி. திட்டுவதற்காவது ஒருமுறை அழையுங்கள்.

ஆலயப் பணியாளருக்கு ஞாயிறன்று விடை சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்போ இதுல ஏதாவது நட வேண்டியதுதானே ஐயா?" என்றார். மழை முடிந்ததும் கோபுரச் சுவரின் வெடிப்பில் முளைக்கும் ஆலங்கன்றுகளை ஆண்டுதோறும் பிடுங்கி எறிவது அவர்தான். நாற்றை நேரே இந்தத் தொட்டியில் வைக்கலாகாது. முதலில் பெரிய தொட்டியில் பல ஆண்டுகள் வளர்ந்து அடிமரம் பருத்த பின்பே இதற்குள் குடியேற்ற வேண்டும் என்று ஜப்பானியப் பெரியவர் சொல்லியிருந்ததை அவருக்கு விளக்கினேன். திங்கட்கிழமை காலை குருமனை வாசலில் ஒரு பழைய பெயின்ட் வாளி இருந்தது. அதில் ஓர் ஆலங்கன்று, இரண்டு இலைகளோடு. தூக்கி அடியைப் பார்த்தேன். ஆணியால் ஐந்து துளைகள் போட்டிருக்கிறார்.